மாயப் பரிசுக் கதை எழுதுவது எப்படி: ஒரு குழவிக் கல்லை வைத்து முழு வழிகாட்டி

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் தமிழ் சொல்லித் தருகிறேன். சில ஆண்டுகளாகப் பெற்றோர்களையும் பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, சின்னப் பிள்ளைகள் வாசிக்கக் கதை எழுத வைக்கிறேன். பெரும்பாலும் எல்லாரும் விரும்பி எடுப்பது ஒரே வகைக் கதைதான்: யாரோ ஒரு பொருளைக் கொடுக்கிறார், அந்தப் பொருளில் மாயம் இருக்கிறது. தடுக்கி விழுவதும் ஒரே இடத்தில்தான். மாயத்தை முதலில் எழுதிவிடுகிறார்கள்.

ஒரு பையன் கேட்டதெல்லாம் தரும் விளக்கு ஒன்றை எழுதினான். முதல் பக்கத்தில் சைக்கிள், நாய்க்குட்டி. இரண்டாம் பக்கத்தில் கடலோரத்தில் வீடு. மூன்றாம் பக்கம் வெறுமையாக இருந்தது. "மிஸ், இனிமே என்ன கேக்கிறதுன்னு தெரியல" என்றான். அவனுக்குக் கற்பனை போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. வரிசை தவறிவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது. எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எதைக் கடைசி வரை தள்ளிப்போட வேண்டும், ஏன் என்று சொல்கிறேன். எங்கள் வகுப்பில் கட்டிய ஒரே கதையை, வாணி என்ற சிறுமிக்குப் பாட்டி கொடுத்த குழவிக் கல்லின் கதையை, எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுவருகிறேன்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பென்சில், அழிப்பான். கம்ப்யூட்டர் இப்போது வேண்டாம். திரையில் எழுதினால் முதல் பத்தியையே திருத்திக்கொண்டு இருப்போம்.

ஒரு பிள்ளை. கற்பனைப் பிள்ளை வேண்டாம், வயதும் முகமும் தெரிந்த பிள்ளையாக இருக்கட்டும். 5 வயதுக்குச் சொல்வதும் 9 வயதுக்குச் சொல்வதும் வேறு வேறு கதைகள்.

மூன்றாவது, உண்மையான ஒரு பொருள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மந்திரக்கோல், பறக்கும் கம்பளம், தங்கச் சாவி எல்லாம் நாம் யாரும் கையில் பிடித்துப் பார்க்காதவை. அதனால் அவற்றைப் பற்றி எழுதும்போது "ஜொலித்தது", "மின்னியது" என்பதற்கு மேல் சொல் வராது. உங்கள் சமையலறைக்குப் போய், கையில் எடுக்க முடிகிற பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள்.

எங்கள் மேசைக்கு வந்தது ஒரு குழவி. எரிமலைக் கல், கறுப்பு. மேலெல்லாம் ஊசிமுனை அளவுத் துளைகள். எத்தனை முறை கழுவினாலும் அந்தத் துளைகளுக்குள் மஞ்சள் தங்கியிருந்தது. நடுப்பகுதி தேய்ந்து இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. ஒரு சிறுமி இரண்டு கையாலும் தூக்கி முகர்ந்து பார்த்துத் தும்மினாள். மிளகாய் நெடி இன்னும் போகவில்லை.

இங்கே வீடுகளில் பேசும் கிரியோல் மொழியில் அம்மியை ரோஸ் காரி என்பார்கள், அதன்மேல் உருட்டும் கல்லை பாபா என்பார்கள். பாபா என்றால் கைக்குழந்தை. தமிழில் குழவி என்றாலும் கைக்குழந்தைதான். இரண்டு மொழிகளும் அந்தக் கல்லைப் பார்த்து ஒரே பெயரைச் சொல்லியிருக்கின்றன! வகுப்பில் இதைச் சொன்னதும் இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தி அந்தக் கல்லைத் தன் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கதை அங்கேதான் பிறந்தது. பொருளைத் தொடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

1. இது எந்த வகைக் கொடுக்கல் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் "பரிசு" என்று எழுதுவது புதியவர்களின் பழக்கம். தமிழில் கொடுப்பதற்குப் பல சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு கதையைக் கேட்கும்.

பரிசு என்றால் வென்றவருக்குத் தருவது. அந்தக் கதையில் வாசகர் மனத்தில் ஓடும் கேள்வி: இவன் இதற்குத் தகுதியானவனா?

வரம் மேலிருந்து வருவது, கேட்டால்தான் கிடைக்கும். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் அங்கே கேள்வி. தவறாகக் கேட்டவர்களின் கதைகள் நம்மிடம் நிறைய உண்டு.

சீர் என்பது உறவு. தாய்மாமன் தட்டில் வைத்துக் கொண்டுவருவது. அதை வாங்கினால் ஒரு நாள் நாமும் செய்ய வேண்டும். எப்படித் திருப்பிச் செய்வேன் என்பது அந்தக் கதையின் கேள்வி. மொய்யும் இதன் பக்கத்து வீடுதான், ஆனால் அது நோட்டில் எழுதிவைக்கப்படும். ஒரு பிள்ளை மந்திர மொய் நோட்டு ஒன்றை எழுதினால் எனக்கு மிகவும் பிடிக்கும். இதுவரை யாரும் எழுதவில்லை.

கொடை கேளாமல் வருவது. மயில் கேட்காமலே பேகன் அதற்குப் போர்வை கொடுத்தான். ஏன் எனக்கு என்ற வியப்பு அந்தக் கதையை நடத்தும்.

காணிக்கை கீழிருந்து மேலே போகிறது. பிள்ளையே கொடுப்பவராக இருக்கும் கதைக்கு இது சரியான வகை.

வழிவழியாக வரும் பொருள் கடைசி வகை. பாட்டிக்கு அவள் மாமியார் கொடுத்தது, மாமியாருக்கு வேறு யாரோ கொடுத்தது. எனக்குப் பின் யாருக்கு என்பது அதன் கேள்வி.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து நோட்டின் மேல் மூலையில் எழுதிவிடுங்கள். நாங்கள் "வழிவழி" என்று எழுதினோம். இதைச் செய்யாவிட்டால் பாட்டியின் பொருளாகத் தொடங்கிய கதை நடுவில் வரமாக மாறி, பிள்ளை வரிசையாக எதையாவது கேட்டுக்கொண்டிருக்கும். பாதியில் நின்றுபோன கதைகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கலப்புதான் காரணம்.

2. மாயத்துக்கு முன் கொடுப்பவரை எழுதுங்கள்

காட்டுக்குள் ஒரு கிழவர் வருகிறார், பெட்டியைக் கொடுக்கிறார், மறைந்துவிடுகிறார். வகுப்பில் முதல் வாரம் வருகிற கதைகளில் பாதி இப்படித்தான். மறைந்துபோன கிழவரை யாரும் நினைப்பதில்லை. அவர் இருந்த இடத்தில் காசு போட்டால் பொருள் தரும் இயந்திரத்தை வைத்தாலும் கதை மாறாது. அப்படியென்றால் அது கொடுத்த கதையே இல்லை, கிடைத்த கதை.

கொடுப்பவரைப் பற்றி மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். ஏன் இந்தப் பிள்ளைக்கு? ஏன் இன்று? கொடுத்த பிறகு கொடுத்தவர் வீட்டில் என்ன குறைகிறது?

மூன்றாவதுதான் கனமான கேள்வி. அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உண்டால் நீண்ட நாள் வாழலாம் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும், அதன் சிறப்பைச் சொல்லாமல் கொடுத்தான். அவன் இழந்தது என்ன என்று நமக்குத் தெரிவதால்தான் அந்தச் சின்னக் கனி இத்தனை நூற்றாண்டுகளாக நினைவில் நிற்கிறது.

எங்கள் கதையில் வாணியின் பாட்டி போ பாசேனில் தனியாக இருக்கிறார். வாணி வீடு காத்ர் போர்னில். ஏன் வாணிக்கு? மற்றப் பேரப் பிள்ளைகள் பாட்டி அரைக்கும்போது ஓடிவிடுவார்கள், இவள் மட்டும் பக்கத்தில் நிற்பாள். ஏன் இன்று? பாட்டியின் மணிக்கட்டு இனி இடம் கொடுக்காது. என்ன குறைகிறது? இங்கேதான் ஒரு பெற்றோர், கணக்கு வேலை பார்க்கிற மனிதர், அருமையான ஒன்றைச் சொன்னார். "அம்மியைத் தூக்க முடியாதே. பாட்டி குழவியை மட்டும்தான் கொடுக்க முடியும்."

அந்த ஒரு வாக்கியம் கதையின் பாதியைக் கட்டிவிட்டது. அம்மி போ பாசேனில், குழவி காத்ர் போர்னில். எதையாவது அரைக்க வேண்டும் என்றால் வாணி குழவியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பாட்டி வீட்டுக்குப் போயாக வேண்டும். பாட்டி ஏன் அதைக் கொடுத்தார் என்று நாங்கள் எந்த இடத்திலும் விளக்கவில்லை. வாசிக்கும் பிள்ளைகளுக்குத் தானாகவே புரிகிறது.

3. வாங்குபவருக்கு என்ன குறை

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிள்ளைக்கு ஒரு குறை இருக்க வேண்டும், ஆனால் மாயம் அதை நேராக நிரப்பக் கூடாது. ஏழைப் பையனுக்குப் பணம் கொட்டும் பை கொடுத்தால் கதை அந்த வரியிலேயே முடிந்துவிடும்.

வாணியின் வீட்டில் தம்பி பிறந்திருக்கிறான். எல்லாரும் அந்த பாபாவையே பார்க்கிறார்கள். அவள் கையில் இருப்பது இன்னொரு பாபா, கல்லால் ஆனது. அவளுக்கு வேண்டியது தன்னையும் யாராவது பார்ப்பது. குழவியால் அதைச் செய்ய முடியாது.

4. இப்போது மாயம், ஒரே வரியில்

பொருள் ஏற்கெனவே என்ன செய்கிறதோ அதிலிருந்து மாயத்தை எடுங்கள். சீப்பு சிக்கை எடுக்கும், எனவே மாயச் சீப்பு சண்டையைத் தீர்க்கலாம். முறம் நல்லதையும் கல்லையும் பிரிக்கும், எனவே பொய்யைப் புடைத்துத் தள்ளலாம். சீப்பு பறக்கிறது என்று எழுதினால் சீப்புக்குப் பதில் செருப்பும் பறக்கலாம்.

அரைத்தால் வாசனை வரும். வாசனை வந்தால் பழையது நினைவுக்கு வரும். எனவே எங்கள் வரி: "இந்தக் குழவியால் அரைத்ததைச் சாப்பிடுகிறவருக்கு மறந்துபோன ஒன்று நினைவுக்கு வரும்."

இந்த வரியை அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். மறுநாள் திரும்பக் கேளுங்கள். அப்படியே சொன்னால் சரி. உங்கள் வரியில் "சில சமயம்", "அல்லது" வந்தால் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

5. நிபந்தனை: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

மாயம் இரண்டாம் பக்கத்தில் தீர்ந்துபோகாமல் காப்பது நிபந்தனைதான். எங்கள் விளக்குப் பையனுக்கு இல்லாமல் போனதும் இதுவே.

இந்தத் தீவில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்று தலைக்குமேல் நிற்கிறது. பீட்டர் போத் மலை, 820 மீட்டர், உச்சியில் மனிதத் தலை மாதிரி ஓர் உருண்டைப் பாறை. க்ரேவ் கேரைச் சேர்ந்த பால்காரர் ஒருவர் மலையைக் கடந்து போர்ட் லூயிக்குப் பால் கொண்டுபோகும் வழியில் தேவதைகள் ஆடுவதைப் பார்த்தார் என்று கதை. யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள். ஊரில் போய்ச் சொல்லிவிட்டார், கல்லாகிவிட்டார். அவருக்குக் கிடைத்தது ஒரு காட்சி மட்டுமே. ஆனால் "சொல்லாதே" என்ற ஒரு சொல் அதைக் கதையாக்கிவிடுகிறது. சொல்லாமல் இருக்க முடியாத அளவுக்கு அழகான ஒன்றைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்லாமல் இருப்பது! நல்ல நிபந்தனை இப்படித்தான், பரிசின் இனிப்பிலேயே முள்ளை வைக்கும்.

இரண்டாவது வகை, ஓட்டை உள்ள நிபந்தனை. இரணியன் பகலிலும் இரவிலும் சாவு வேண்டாம், வீட்டுக்குள்ளும் வெளியிலும் வேண்டாம் என்று வேலி கட்டினான். அந்தி நேரமும் வாசற்படியும் விட்டுப்போயின. பிள்ளைகளுக்கு இந்த வகை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஓட்டையைத் தாங்களே கண்டுபிடிக்கலாம். எனவே ஓட்டை வாசகரின் கண்ணில் படும் இடத்திலேயே இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் திடீரென்று புது விதி ஒன்றைச் சொன்னால் பிள்ளைக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமானது.

மூன்றாவது, பரிசை எழுப்ப ஒருவர் வேண்டும் என்ற நிபந்தனை. மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்துவிட்டது, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். ஆனாலும் முதல் பிச்சையை ஆதிரை இட்ட பிறகுதான் அது சுரக்கத் தொடங்குகிறது. மாயப் பாத்திரத்துக்கும் ஒரு பக்கத்து வீட்டுப் பெண் வேண்டியிருக்கிறது. கதைக்குள் இன்னொரு ஆளைக் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கதைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு நிபந்தனைகள் போதும். மூன்று வைத்தால் பிள்ளைகள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்துவிடுகிறேன். எங்கள் இரண்டு: பாட்டியின் அம்மியில்தான் அரைக்க வேண்டும். அரைத்தவர் அதைச் சாப்பிடக் கூடாது.

முதலாவது தானாகவே வந்தது என்று மேலே சொன்னேன். இரண்டாவதைத் தேட இரண்டு சனிக்கிழமைகள் போயின. "ஒரு நாளைக்கு ஒரு முறைதான்", "பௌர்ணமியில்தான்" என்று பலர் சொன்னார்கள். இவை பூட்டுகள், கதையைத் தள்ளிப்போடும், மாற்றாது. அரைத்தவர் சாப்பிடக் கூடாது என்றதும் வாணியால் தனக்காக எதுவுமே செய்ய முடியாமல் போனது. அரைக்கும்போது வாசனை மூக்கில் ஏறுகிறது, தொட்டு நக்கக் கூடாது. தக்காளிச் சட்னி, இங்கே சத்தினி பொம்தாமூர், அரைத்துவிட்டு விரலைத் துணியில் துடைக்கிறாள் என்று ஒரு வரி எழுதினோம். ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் பிள்ளைகள் அந்த வரியில் மூச்சைப் பிடிக்கிறார்கள்.

நிபந்தனையை யார் சொல்ல வேண்டும்? கொடுப்பவர், கொடுக்கும்போதே, பேச்சோடு பேச்சாக. "அரைக்கிறவ கையை நக்கப்படாது கண்ணு" என்று பாட்டி சொல்வது போதும். மாயக் குரல், புகை, எதிரொலி ஒன்றும் வேண்டாம்.

6. விலை கண்ணுக்குத் தெரிய வேண்டும்

ஒவ்வொரு முறையும் ஏதாவது குறைய வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை அதைப் பயன்படுத்தத் தயங்கவே தயங்காது, தயங்காவிட்டால் கதையில் முடிவெடுக்கும் இடம் வராது.

"அவளுக்குச் சோர்வு வந்தது" மாதிரி விலை பிள்ளைகளுக்கு ஒட்டாது, அதை எண்ண முடியாதே. எங்கள் குழவி தேய்கிறது. முதலில் ஒரு சாண். கடைசியில் புளியங்கொட்டை. வாணி ஒவ்வொரு முறையும் விரலை வைத்து அளக்கிறாள்.

இங்கே ஒரு தவறு செய்தோம். எந்தப் பக்கத்தில் எத்தனை விரல் என்று எழுதி வைக்கவில்லை. வாசித்துக் காட்டும்போது 7 வயதுப் பையன் நிறுத்தினான்: "முன்னாடி நாலு விரல்னு சொன்னீங்க, இப்போ அஞ்சுங்கறீங்க. கல்லு வளந்துடுச்சா?" நோட்டின் கடைசிப் பக்கத்தில் பக்க எண், நடந்தது, மிச்சம் என்று மூன்று பத்திக் கோடு போட்டு எழுதி வையுங்கள். எழுதும்போதே நிரப்ப வேண்டும். அப்புறம் நிரப்பலாம் என்று விட்டால் நிரப்ப மாட்டோம்.

7. மூன்று முறை பயன்படுத்துங்கள், மூன்றும் வெவ்வேறாக

முதல் முறை விளையாட்டாக. விதி எப்படி வேலை செய்கிறது என்று வாசகர் பார்க்க வேண்டும். மாமா சட்னி சாப்பிடுகிறார், தொலைத்த சாவி எங்கே என்று நினைவு வருகிறது. அரைப் பக்கம் போதும்.

இரண்டாம் முறை கோணலாகப் போக வேண்டும். பாட்டி வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரருக்கு வாணி ஆசையாகச் சட்னி கொண்டுபோகிறாள். அவருக்கு நினைவுக்கு வருவது, அடுத்த வீட்டுக்காரரோடு பல வருடங்களுக்கு முன் போட்ட சண்டை. மறந்து நிம்மதியாக இருந்தவர்கள் மறுபடி பேச்சை நிறுத்துகிறார்கள். நல்ல மனதோடு கொடுத்ததும் புண்படுத்தலாம் என்று பிள்ளை பார்க்கிற இடம் இது. புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், தங்கள் கதாபாத்திரம் தவறு செய்வதை அவர்களால் தாங்க முடிவதில்லை. தாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் மூன்றாம் முறைக்குக் கனம் கிடைக்காது.

மூன்றாம் முறைக்கு அவசரம் வேண்டும், ஒரு கடிகாரம் ஓட வேண்டும். இந்தத் தீவில் அது தயாராக இருக்கிறது. சூறாவளி எச்சரிக்கை 1 முதல் 4 வரை ஏறும். 4 என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிள்ளைகளுக்கு இந்த எண்கள் மனப்பாடம். நாங்கள் கடைசிப் பகுதியை 1, 2, 3, 4 என்று நான்கு துண்டாகவே எழுதினோம்.

எண் 1: பாட்டி வாணியைப் பார்த்து "யாரும்மா நீ?" என்று கேட்கிறார். எண் 2: அப்பா பாட்டியைத் தனியாக விடக் கூடாது என்று எல்லாரையும் காரில் ஏற்றி போ பாசேனுக்குக் கூட்டிப்போகிறார். எண் 3: ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறார்கள், கரண்ட் போகிறது. மிக்சி ஓடாது. அம்மி ஓடும். எண் 4: மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாணி கடைசி முறையாக அரைக்கிறாள். கையில் இருப்பது புளியங்கொட்டை அளவுக் கல்.

கரண்ட் போனால் அம்மிதான் என்பதை யாரும் திட்டமிடவில்லை, எழுதும்போது வந்தது. பொருளும் ஊரும் உண்மையாக இருந்தால் இப்படித் தானாகப் பொருந்துகிற இடங்கள் கிடைக்கும்.

8. பரிசு எப்படிப் போகிறது

முடிவை எழுதும்போது இரண்டு பிரச்சினைகளைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மாயம் என்ன செய்கிறது? பொருள் எங்கே போகிறது?

கடைசி மாயம் வாசகர் எதிர்பார்த்ததைக் கொடுக்க வேண்டும், ஆனால் எதிர்பார்த்த வழியில் வரக் கூடாது. பாட்டிக்கு வாணியின் பெயர் நினைவு வரும் என்று எல்லாப் பிள்ளைகளும் காத்திருப்பார்கள். எங்கள் முதல் வரைவில் அப்படித்தான் இருந்தது, இனித்தது, ஆனால் தட்டையாக இருந்தது. நோட்டின் மேல் மூலையில் "வழிவழி" என்று எழுதியிருந்தோம் அல்லவா? அதைப் பார்த்தோம். பாட்டிக்கு நினைவு வருவது, தனக்கு அந்தக் குழவியைக் கொடுத்தவரின் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி, கொடுத்த நாளைச் சொல்லி, "அதை நான் உனக்குத்தானே கொடுத்தேன்" என்று வாணியைப் பார்க்கிறார். முதல் முறையாக யாரோ அவளை மட்டும் முழுதாகப் பார்க்கிறார்கள்.

பொருளுக்கு வருவோம். மணிமேகலைக்கு முன் ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருந்தது, ஆனால் மழை பெய்து நாடு செழித்ததும் வாங்க ஆள் இல்லை. கப்பல் அவனை மணிபல்லவத்தில் விட்டுவிட்டுப் போனது. ஆளில்லாத தீவில் அள்ளக் குறையாத பாத்திரம்! அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். வாங்குவதற்கு யாரும் இல்லாவிட்டால் மாயத்துக்கும் வேலை இல்லை. பொருள் தன் வேலை முடிந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை நான் அங்கிருந்துதான் கற்றேன். எங்கள் புளியங்கொட்டைக் கல் அம்மியின் ஒரு துளைக்குள் விழுந்து பொருந்தி உட்கார்ந்தது.

இரண்டு முடிவுகளைத் தவிருங்கள். எல்லாம் கனவு என்று சொன்னால் கொடுத்தவரையும் சேர்த்து அழித்துவிடுகிறீர்கள். கடைசியில் நீதி எழுதினால், அதுவரை கதையைத் தானாகப் புரிந்துகொண்டு வந்த பிள்ளையிடம் உனக்குப் புரியவில்லை என்று சொல்வதாகும்.

9. மொழி: வாசிக்கும் நாக்குக்கு ஏற்றபடி

கதை முழுக்க முடிந்த பிறகே இந்தப் படி. முன்பே தொடங்கினால் சொற்களைப் பார்த்துக்கொண்டு கதையை விட்டுவிடுவோம்.

இங்கே பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் வகுப்பில் மட்டும் தமிழ். அவர்களுக்கு நீளச் சொல்தான் சுவர். "வந்துகொண்டிருந்தாள்" என்பதை "வந்தாள்" ஆக்குங்கள். "சென்றாள்" வேண்டாம், "போனாள்". ஒரு வாக்கியத்தில் ஆறு ஏழு சொற்கள். புதுச் சொல் ஒரு பக்கத்துக்கு ஒன்று, அதுவும் படத்தில் இருக்கும் பொருளாக இருக்கட்டும்.

கிரியோல் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே விடுங்கள். பாபா, சத்தினி, ரோஸ் காரி. பிள்ளைக்குத் தெரிந்த சொல்லைத் தெரியாத எழுத்தில் பார்க்கும்போது வாசிப்பு ஒரே தாவலில் முன்னேறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கிரியோல் விடுகதைகளான சிராந்தான்களையும் பயன்படுத்துங்கள். கேட்பவர் "சிராந்தான்?" என்பார், எல்லாரும் "சாம்பெக்!" என்று கத்துவார்கள். அப்புறம் விடுகதை. "திலோ திபூத்?" நிற்கும் தண்ணீர், கரும்பு. "திலோ பாந்தான்?" தொங்கும் தண்ணீர், தேங்காய். எங்கள் பாட்டி குழவியைக் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் கேட்டுவிட்டு, மூன்றாவதாக ஒன்று கேட்கிறார்: "அழாத பாபா, அரைத்தால் மணக்கும் பாபா. எது?" வகுப்பு முழுக்கப் பதில் சொல்லும்.

10. வாசித்துக் காட்டுங்கள்

வரைவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் எதிரே உட்காருங்கள். பக்கத்தில் வேண்டாம், கண் தெரிய வேண்டும். பிள்ளை எங்கே வேறு பக்கம் பார்க்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. எங்கே சிரிக்கிறது என்று குறிக்காதீர்கள், அது நமக்கே நினைவிருக்கும். "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். "அடுத்து என்ன ஆகும்?" என்று நடுவில் நிறுத்திக் கேளுங்கள்.

பிறகு பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு சிக்கும் ஒவ்வொரு சொல்லையும் மாற்றுங்கள், பிடித்த சொல்லாக இருந்தாலும்.

11. புத்தகமாக்குவது

ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். எனவே மொத்தப் பக்கம் 4-ஆல் வகுபட வேண்டும். நான்கு தாள், 16 பக்கம், அட்டையும் அதற்குள். முதலில் வெற்றுத் தாளை மடித்துப் பக்க எண் போட்டு மாதிரி ஒன்று செய்துகொண்டால், அச்சில் பக்கம் மாறாது. எழுத்து 18 புள்ளிக்குக் குறையக் கூடாது. வரி உடையும் இடத்தை நீங்களே முடிவு செய்யுங்கள், ஒரு சொல்லை இரண்டு வரியில் பிரிக்காதீர்கள்.

கோப்பை எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆகவே கடைக்குக் கொடுங்கள். ஒரு முறை வேர்ட் கோப்பாகக் கொடுத்தோம். கடைக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லை. கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து, குழவி இருந்த இடத்தில் கட்டங்கள் வந்தன. நாற்பது பிரதிகளையும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. ஒரு பிரதி மட்டும் எடுத்து, முழுக்க வாசித்துப் பார்த்த பிறகு மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள்.

அட்டையின் உள்பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். அங்கே ஏழு கோடு போடுங்கள், ஒவ்வொன்றிலும் "கொடுத்தவர்", "வாங்கியவர்" என்று இரண்டு இடம். முதல் கோட்டில் உங்கள் பெயரையும் பிள்ளையின் பெயரையும் பேனாவால் எழுதிவிட்டுக் கொடுங்கள்.